வைரக் கரடு

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இன்று பேராசிரியர், அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தால் அது படிகம், அதற்கு அழகும் அருமையும் சேர்ந்து மனிதர்கள் ஆசைப்பட்டால்தான் ரத்தினம் என்று சொல்லிக்கொண்டே இரண்டு பளிங்குக் கற்களை உரசினார். அப்போது எழுந்த கருகல் வாசம் என்னை நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த வெள்ளைக் கரட்டுக்குக் கொண்டுபோனது.

வெயிலில் கண் கூசும் அந்தச் சிறு குன்றின் வெடிப்புகளில், ஆறு பட்டையாய், நுனி கூராய், கண்ணாடி போலக் கற்கள் முளைத்திருக்கும். பள்ளி விட்டதும் நானும் தங்கையும் ஓடிப்போய் அவற்றைத் தடவித் தடவிப் பார்ப்போம், உதிர்ந்து கிடக்கும் சில்லுகளை உரசி மோந்து பார்ப்போமே தவிர ஒன்றையும் பெயர்க்க மாட்டோம், ஏனென்றால் அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, சொல்லியிருந்தார்:

"மாப்ள, அம்புட்டும் வைரம். இன்னும் விளையல. ஒரு பயலையும் ஏற விடாத. விளைஞ்சதும் உன்னைய டாக்டருக்குப் படிக்க வைக்கிறேன்."

பெரியவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் வீட்டில் அதை மறுத்துச் சொல்ல ஆளில்லை. ஆடு மேய்க்க வந்தவர்களைக்கூட விரட்டினோம்.

ஒருநாள் சாயங்காலம் பாதிக் கரட்டைக் காணோம். பொக்லைனுக்குப் பக்கத்தில் மாமா நின்றார். வெள்ளைக் கல்லை அரைக்கும் கோலமாவு மில்லுக்குக் கரட்டை விலை பேசி முடித்தவர் அவர்தான். அதுவரை ஊர்க்காரர்கள் கல் எடுக்காமலிருக்க எங்களைக் காவல் வைத்திருந்தார்.

"மாமா, வைரம் மாமா!" என்று கத்தினேன்.

"போடா கிறுக்குப் பயலே, வெறும் பளிங்குடா அது" என்று சிரித்தார்.

தங்கை அதற்குப் பிறகு அவரை மாமா என்று கூப்பிடவேயில்லை. நான் கூப்பிடுகிறேன், அம்மா பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.