என் கால் நீளத்துக்கு ஒரு வண்டி

என் உயரம் ஐந்தடி பதினோரு அங்குலம். என் வீட்டுக்காரர் ஐந்தடி மூன்று. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்களைச் சேர்த்துப் பார்க்கிறவர்கள் மேலும் கீழும் அளந்து முடிக்கும்வரை நான் சொல்வது எதையும் காதில் வாங்குவதில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கல்யாணத்துக்கு முன்னால் நண்பனின் பைக்கை ஆசையாக எடுத்து, சூளகிரி தாண்டி ஒரு பள்ளத்தில் இறக்கி, தோள்பட்டையை உடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஹேண்டில்பாரைத் தொட்டதே இல்லை. ஆக, எங்கள் வீட்டில் ஓட்டுவது நான், பின்னால் உட்காருவது அவர்.

ஓசூரில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடுகிற ஊர், யாரை யார் பார்ப்பது? அவருடைய சொந்த ஊரான பேரிகையில்தான் ஆரம்பத்தில் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். "என்னாப்பா, சம்சாரத்த டிரைவரா வச்சிக்கினியா?" என்று ஒருவர் கேட்டார். இவர் இறங்கக்கூட இல்லை. "ஆமா, சம்பளம் கேக்காத டிரைவரு. உனக்குக் கெடைக்குமா?" என்றார். கேட்டவர் டீயைக் குடிக்கப் போய்விட்டார். வெட்டி கௌரவம் என்பது இவரிடம் மருந்துக்கும் கிடையாது. அதற்காகத்தான் இவரைக் கட்டிக்கொண்டேன்.

எனக்குப் பெரம்பலூர்ப் பக்கம். டிரெய்னியாக இங்கே வந்து, ஒரு உதிரிபாகக் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் நிலைத்துவிட்டேன். அவர் வேறொரு கம்பெனியில் ஸ்டோர்ஸ். நான் காலை ஷிப்டு முடிந்து வரும்போது அவர் அடுத்த ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார். மறுவாரம் அது தலைகீழாகும். "சாதம் இருக்கு", "கேஸ்காரன் வந்தான்", இவ்வளவுதான் வாசலில் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவானது. அன்றைக்குக் காலையிலேயே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். தளி வழியாக ஜவளகிரி, சில வாரம் பேரிகை, ரொம்ப உற்சாகம் வந்தால் பாரூர் ஏரி வரைக்கும். போகும் வழியெல்லாம் அவர் என் காதோரம் பேசிக்கொண்டே வருவார். ஸ்டோர்ஸில் யார் யாரோடு முறைத்துக்கொண்டார்கள், கேன்டீன் சாம்பாரில் பருப்பைத் தேடி அலைந்த கதை, எல்லாம் வரும். வீட்டில் உட்கார்ந்தால் எங்களுக்குப் பேச்சு வராது. ஆளுக்கொரு போனை எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் சாய்ந்துவிடுவோம். உள்ளதைச் சொன்னால், வண்டியில்தான் நாங்கள் புருஷன் பெண்டாட்டி.

அந்த ஸ்கூட்டர் என் முட்டியைத் தின்றுவிட்டது. முன்பக்கத் தகட்டுக்குள் என் கால் அடங்காது. இரண்டு முட்டியையும் வெளியே விரித்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டும், வளைவில் ஹேண்டில்பார் வந்து இடிக்கும். எட்டு வருஷம் அப்படியே ஓட்டினேன். ஒரு நாள் ஷிப்டு முடிந்து எழுந்தபோது வலது கால் மடங்கியது மடங்கியபடியே நின்றுவிட்டது. டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு மடக்கி இனிமே உக்காரக் கூடாதும்மா. கால் நீட்டி ஓட்டற வண்டி இருந்தா பாருங்க, இல்லன்னா பஸ்ல போங்க" என்றார். இரண்டு மாதம் கம்பெனி பஸ்ஸில் போனேன். வேலைக்குப் பஸ் போதும். ஞாயிறுகள்தான் செத்துப்போயின. இரண்டு மூலை, இரண்டு போன். சமைத்தேன், சாப்பிட்டோம், தூங்கினோம். இப்படியே போனால் நாங்கள் ஒரே வீட்டில் குடியிருக்கும் இரண்டு ஷிப்டு ஆட்களாகிவிடுவோம் என்று பயம் வந்துவிட்டது.

கால் நீட்டி ஓட்டுகிற குரூஸர் பைக் ஒன்று வாங்குவது என்று முடிவு செய்தேன். முடிவு செய்தால் நான் சும்மா இருக்க மாட்டேன். கம்பெனியில் ஒரு பாகம் வந்தால் வரைபடத்தைப் பார்ப்போம், அளவுகளைப் பட்டியல் போடுவோம், ஒவ்வொன்றாக அளந்து டிக் அடிப்போம். அதே மாதிரி ஒரு தாளில் இருபத்திரண்டு வரி எழுதினேன். முதலில் வீட்டு நாற்காலியில் முட்டி வலிக்காத மாதிரி உட்கார்ந்து, இடுப்பிலிருந்து பாதம் வரை அவரை அளக்கச் சொன்னேன். அவர் டேப்பைப் பிடித்துக்கொண்டு, "இதுக்கு டேப்பு பத்தாது, சர்வேயர கூப்புடணும்" என்றார்.

உயரமானவர்கள் எல்லோரும் ஒரு தப்பு செய்கிறார்கள். சீட் உயரத்தை மட்டும் பார்க்கிறார்கள். தரையில் கால் ஊன்றுவது குள்ளமானவர்களின் கவலை. நமக்கு முக்கியம் சீட்டுக்கும் கால் வைக்கிற கம்பிக்கும் நடுவில் இருக்கிற தூரம். அது குறைந்தால் முட்டி மேலே ஏறிவிடும், வண்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பிரயோஜனமில்லை. அடுத்து, ஹேண்டில்பாரைக் கடைசிவரை திருப்பிப் பார்க்க வேண்டும், முட்டியில் படுகிறதா என்று. மூன்றாவது, ஷூ. ஞாயிற்றுக்கிழமை செருப்பு மாட்டிக்கொண்டு போய் வண்டி பார்த்துவிட்டு, திங்கட்கிழமை சேஃப்டி ஷூவின் இரும்பு மூக்கு கியருக்கு அடியில் நுழையாமல் கேட் வாசலில் திண்டாடியவர்கள் எங்கள் பிரிவிலேயே இரண்டு பேர். நான் சுடிதாருக்குக் கீழே சேஃப்டி ஷூ போட்டுக்கொண்டு ஷோரூமுக்குப் போனேன். பார்த்தவர்கள் பார்க்கட்டும்.

முதல் ஷோரூமில் விற்பனையாளர் என்னைத் தாண்டிப்போய் இவருக்குக் கை கொடுத்தார். "சார், உங்க ஹைட்டுக்கு இந்த மாடல் கரெக்டா இருக்கும்." இவர் ரொம்ப மரியாதையாக, "எனக்கு சைக்கிளே தகராறு சார். ஓட்றது அவங்க" என்றார். விற்பனையாளர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மேடம், ஸ்கூட்டர் செக்‌ஷன் அந்தப் பக்கம்" என்றார். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "நான் கேட்டது இது" என்று சொல்லி, அங்கே நின்றிருந்ததிலேயே பெரிய வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு தெரிந்தது, கால் கம்பி சீட்டுக்கு நேர் கீழே இருக்கிறது. முட்டி டேங்குக்கு மேலே எட்டிப் பார்த்தது. தாளில் பெருக்கல் குறி போட்டுவிட்டு இறங்கினேன்.

இரண்டாவது, கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில். அங்கே இவர் கன்னடத்தில் பேசி எனக்கு ஓட்டிப் பார்க்க வண்டி வாங்கிக் கொடுத்தார். கால் நன்றாக நீண்டது. கைதான் எட்டவில்லை. குனிந்து குனிந்து பத்து நிமிஷத்தில் முதுகு பிடித்துக்கொண்டது. அதற்கும் பெருக்கல் குறி.

மூன்றாவது, ஓசூரிலேயே பாகலூர் ரோட்டில். அதில் ஏறி உட்கார்ந்து இரண்டு காலையும் முன்னால் வைத்தேன். முட்டி அழகாக விரிந்து நின்றது. கையை நீட்டினேன், ஹேண்டில்பார் இருந்த இடத்திலேயே என் கை போய் நின்றது. கடைசிவரை திருப்பினேன், எங்கேயும் இடிக்கவில்லை. ஷூ கியருக்கு அடியில் சுலபமாகப் போய் வந்தது. ஸ்கூல் பெஞ்ச், பஸ் சீட், கம்பெனி யூனிபார்ம் பேன்ட், ஆஸ்பத்திரிக் கட்டில் வரை எதிலும் நான் முழுசாக அடங்கியதில்லை. இதில் அடங்கினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை. அவர் எதிரே நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். "எடுத்துக்கோ" என்றார். இருபத்திரண்டு வரிக்கும் டிக் அடித்தேன்.

வண்டி வந்த ஞாயிறு ஜவளகிரிக்குப் போனோம். காடு ஆரம்பிக்கிற இடத்தில் சாலை நன்றாக இருக்கும். முட்டியில் வலி என்ற பேச்சே இல்லை. ராணி மாதிரி ஓட்டினேன் என்று சொன்னால் மிகையில்லை. போகும்போதும் வரும்போதும் அவர் வாயே திறக்கவில்லை. புது வண்டியில் மயங்கிப் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். இறங்கியதும், "நல்லா இருக்குது வண்டி" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த ஞாயிறு அவருக்கு ஓவர்டைம் என்றார். அதற்கடுத்த ஞாயிறும் ஓவர்டைம். மூன்றாவது ஞாயிறும் அதையே சொன்னபோது, பாவம் மனுஷன் என்று, முட்டைக் குழம்பு வைத்து டப்பாவில் எடுத்துக்கொண்டு அவர் கம்பெனிக்கே போனேன். கேட்டில் இருந்த செக்யூரிட்டி, "ஸ்டோர்ஸ் இன்னிக்கு லீவாச்சே மேடம். ஒரு மாசமா ஞாயித்துக்கெழம யாரும் வரதில்லையே" என்றார். கெட்ட நினைப்பு என்னென்ன உண்டோ அத்தனையும் வந்தது. திரும்பி வருகிற வழியில், பஸ் ஸ்டாண்டு வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு பை. பேரிகை பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்.

வண்டியை அவர் பக்கத்தில் நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினேன். "ஓவர்டைம் இப்ப பஸ் ஸ்டாண்டுலதான் பாக்கறாங்களா?"

அவர் பையை மறு கைக்கு மாற்றினார். "அம்மாவப் பாத்துட்டு வரலாம்னு."

"என்கிட்ட சொன்னா நான் கொண்டுபோய் விட மாட்டேனா?"

"அதுல வேணாம்" என்று வண்டியைப் பார்த்துச் சொன்னார்.

"ஏன், என்ன கொறைச்சல் அதுல? புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லணும். வாயில என்ன கொழுக்கட்டையா?"

"கொறையே சொல்லல. உனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குது. பின்னாடி எனக்குத்தான் எடமில்ல." பஸ் வருகிற திசையைப் பார்த்தபடி பேசினார். "உள்ளங்கையளவு சீட்டு, அதுவும் பின்பக்கம் சரிவா இருக்குது. புடிக்க ஒரு கம்பி இல்ல. நீ வேகம் எடுக்கறப்ப எல்லாம் வழுக்கறன். ஜவளகிரி போயி வரதுக்குள்ள எத்தன தடவ விழுந்துட்டன்னே நெனச்சிக்கினன், தெரியுமா."

"ஷோரூம்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம் இல்ல?"

"எப்படிச் சொல்வன்? ஏறி உக்காந்து கால நீட்டின பாரு, பத்து வருசத்துல ஒரு பொருள்ல நீ நிம்மதியா உக்காந்து நான் பாத்ததே இல்ல. அழுதுட்ட. அந்த நேரத்துல போயி எனக்கு எடம் பத்தலன்னு சொல்லச் சொல்றியா?"

பேரிகை பஸ் வந்து, நின்று, போயும் விட்டது. இருபத்திரண்டு வரி எழுதினேனே, அதில் பின்சீட்டுக்கு ஒரு வரி உண்டா? பட்டியலில் இல்லாததை யாரும் அளப்பதில்லை, எங்கள் வேலையில் பெரிய பெரிய தப்பெல்லாம் அப்படித்தான் வரும். வாரத்துக்கு ஒரு தடவை புதிதாக வருகிறவர்களுக்கு இதை நானேதான் சொல்லிக்கொடுக்கிறேன். மூன்று ஷோரூம் ஏறி இறங்கியபோது ஒரே ஒரு தடவை, "ஏங்க, நீங்க பின்னாடி உக்காந்து பாருங்க" என்று சொல்லத் தோன்றவில்லை எனக்கு. யாரோடு போவதற்காக அந்த வண்டியை வாங்கினேனோ அவரை மறந்துவிட்டு வாங்கியிருக்கிறேன். என்னை யாரும் அளவு கேட்கவில்லை என்று ஊரெல்லாம் புலம்பியவள் நான். வெட்கமாக இருந்தது, அவரிடம் அதைச் சொல்லவும் செய்தேன். "விடு, முட்டைக் கொழம்பு வாசம் வருதே" என்றார் அவர்.

அன்றைக்கே அவரை மெதுவாக உட்கார வைத்துக்கொண்டு, வண்டிச் சீட் தைக்கிற ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் சீட்டைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பின்னாடி யாரு உக்காருவாங்க?" என்று கேட்டார். நான் இவரைக் காட்டினேன். கடைக்காரர் சீட்டை மறுபடி வண்டியில் வைத்து, "வாங்க சார், உக்காருங்க. எங்க இடிக்குது, எங்க வழுக்குது, சொல்லுங்க" என்றார். இவர் என் முகத்தைப் பார்த்தார்.

"என்னை எதுக்குப் பாக்கறீங்க? அவர்கிட்ட சொல்லுங்க" என்றேன்.

முதலில் தயங்கினார். அப்புறம் வரிசையாக வந்தது. அகலம் வேண்டும். சரிவை எடுக்க வேண்டும். இடுப்புக்குச் சின்னதாக ஒரு சாய்மானம் வேண்டும். பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வேண்டும். கால் வைக்கிற இடம் கொஞ்சம் மேலே இருந்தால் தேவலை, ஸ்கூட்டரிலும் அப்படித்தான் தொங்கிக்கொண்டிருந்தது. எட்டு வருஷம் என் பின்னால் உட்கார்ந்து அத்தனை கதை பேசியவர், இதில் ஒன்றைக்கூட என்னிடம் சொன்னதில்லை.

கடைக்காரர் சாக்பீஸால் கோடு போட்டார். பிறகு என்னைப் பார்த்தார். "எல்லாம் செஞ்சிரலாம்க்கா. ஆனா பின்னாடி நீளம் கூட்டணும்னா உங்க சீட்டுல ஒரு இன்ச் எடுக்கணும். நீங்க முன்னாடி தள்ளி உக்காருவீங்க. முட்டி லேசா மடங்கும்."

"அப்ப வேணாம்" என்று இவர் உடனே இறங்கினார். "அவங்க அளவுல கை வைக்காதீங்க."

"நீங்க ஏறி உக்காருங்க" என்றேன் இவரிடம். கடைக்காரரிடம், "வெட்டுங்க" என்றேன்.

இப்போது அந்த வண்டியில் என் கால் முழுசாக நீள்வதில்லை. நான் எழுதிய அளவுக்கு ஓர் அங்குலம் குறைவு. பாரூர் வரைக்கும் போனால் கடைசி அரை மணி நேரம் முட்டி லேசாக முனகும். டாக்டரிடமும் சொல்லிவிட்டேன், இந்த அளவு பரவாயில்லை என்றார். ஆனாலும் கம்பெனியில் இப்படி ஒரு பாகம் என் மேஜைக்கு வந்திருந்தால், யோசிக்காமல் ரிஜெக்ட் போட்டுத் திருப்பி அனுப்பியிருப்பேன்.