குளியலறைக் கதவில் ஒரு தாழ்ப்பாள்

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து ஈப்போ கல்லூரிக்குப் படிக்க வந்த முதல் ஆள் ஐயாவு. வருஷம் 1978. அவனுக்கு நாட்டம் ஆண்கள் மேல்தான். தோட்டத்தில் பாதிப் பேருக்கு அது தெரியும். தெரிந்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. திருவிழாவில் மாரியம்மனுக்குச் சேலை கட்ட அவனை விட்டால் ஆள் கிடையாது.

கல்லூரி விடுதியிலோ படித்தவர்கள் இருந்தார்கள். அங்கேதான் வந்தது வினை.

மூன்றாம் வருஷத்துக்காரர்கள் 'சகோதரர் வட்டம்' என்று ஒன்று வைத்திருந்தார்கள். புதுப் பையன்களைச் சகோதரர்களாக்குவது அவர்களுடைய சேவை. சாக்கடைத் தண்ணீரில் முகம் கழுவினால் சகோதரன். தவளை மாதிரி மாடிப்படி ஏறினால் நெருங்கிய சகோதரன். தலைவன் பெத்தபெருமாள், செட்டியார் வீட்டுப் பிள்ளை, சட்டைக் கஞ்சி கலையாதவன்.

"டேய் தோட்டம், நடையே ஒரு மாதிரி இருக்குலா உனக்கு. சேலை கட்டிக்கிட்டு வா, பாப்போம்."

ஐயாவு கட்டினான். அரைகுறையாகச் சுற்ற அவனுக்கு வராது. கொசுவம் ஒவ்வொன்றும் வரிசை பிசகாமல் நின்றது. சாப்பாட்டுக் கூடத்தில் சிரிக்கத் தயாராக உட்கார்ந்திருந்தவர்கள் சிரிக்க மறந்தார்கள். பின்னால் ஒருவன் கைதட்டினான். பிறகு கூடமே தட்டியது. பெத்தபெருமாள் மட்டும் தட்டவில்லை.

மறுநாள் காலை ஐயாவு குளித்துக்கொண்டிருந்தபோது ஐந்து சகோதரர்கள் உள்ளே நுழைந்தார்கள். கதவுகள் நான்கிலும் தாழ்ப்பாள் கிடையாது. 'பொண்டான், பொண்டான்' என்று, பெண்மை கொண்ட ஆணை ஏசும் மலாய்ச் சொல்லோடு, ஆளுக்கு ஓர் உதை. ஒரு பல் போயிற்று. இடது காது, பிற்பாடு அவன் பாரிட் புந்தாரில் கணக்கு வாத்தியாரான காலத்திலும் சரியாகக் கேட்கவில்லை.

வார்டன் முத்துராமன் விசாரணை நடத்தினார், அடி வாங்கியவனை.

"கட்டச் சொன்னாங்க, கட்டினே. சரி. அவ்வளவு நல்லா ஏன்டா கட்டினே?"

பதிலுக்குக் காத்திருக்காமல் வார்டனே தீர்ப்பையும் சொன்னார்.

"அவங்களுக்குப் பரீட்சை வருது. நீ காலையில நாலு மணிக்கே குளிச்சிடு. முடியாட்டி தோட்டத்துக்கே போயிடு, கடிதம் தாரேன்."

இதுதான் பாதுகாப்பு ஏற்பாடு. அடித்தவன் விடிந்த பிறகு ஆற அமரக் குளிப்பான். அடிபட்டவன் இருட்டில் கொசுவோடு குளிக்க வேண்டும். அல்லது படிப்பை விட்டுவிட்டு மரம் சீவப் போக வேண்டும்.

அன்று மாலை ஐயாவு டவுனுக்கு பஸ் ஏறினான். இரும்புக் கடையில் ஒரு தாழ்ப்பாள் வாங்கி வந்து, கடைசிக் கதவில் தானே பொருத்தினான். மறுநாள் எல்லாரும் குளிக்கிற ஏழு மணிக்கு உள்ளே போய்த் தாழிட்டு, நிதானமாகச் சோப்புப் போட்டான்.

பல் போனதற்கு ஒரு வரி எழுதாத அலுவலகம், பதினோரு மணிக்கெல்லாம் கடிதம் அடித்துவிட்டது: கல்லூரிச் சொத்தான கதவில் அனுமதியின்றி நான்கு துளைகள், உடனே கழற்றாவிட்டால் விடுதியிலிருந்து நீக்கம்.

"கழட்டுடா," என்றார் வார்டன்.

"மாட்டேன் சார். வேணும்னா நீங்களே கழட்டுங்க. அதுக்கு முன்னால, ஏன் மாட்டினேன்னு கேட்டு எழுதிக்குங்க. அஞ்சு பேரு பேரையும் சொல்றேன். பெத்தபெருமாள்லேருந்து ஆரம்பிக்கட்டா?"

எழுதினால் ஐந்து அப்பன்மாருக்கும் பதில் சொல்ல வேண்டும். வார்டன் திறந்த பேனாவை மூடினார்.

"போடா, போய்த் தொலை."

மறுநாள் காலை மூன்று குளியலறைகள் காலியாகக் கிடந்தன. நான்காவதன் முன்னால் முதல் வருஷத்துப் பையன்கள் வாளியோடு வரிசை பிடித்து நின்றார்கள்.

"மச்சான், சீக்கிரம்லா! கிளாஸுக்கு நேரமாச்சு!"

"சோப்பே இன்னும் போகலடா," உள்ளேயிருந்து ஐயாவு கத்தினான். "நில்லுங்க!"