தெற்கு பார்த்த மர வீடு

போன மாதம் இதே பக்கத்தில் வாஸ்துவைக் கிழி கிழியென்று கிழித்திருந்தேன். 'சரியான சவுக்கடி சார்' என்று பாராட்டி எழுதிய வாசகர்களே... இந்த வாரக் கதை உங்களுக்குப் பிடிக்காது. எனக்கே பிடிக்கவில்லை!

நாங்கள் வீடு பார்த்துக்கொண்டிருந்தோம். பதினோரு வருட ஆக்லாந்து வாழ்க்கையில் ஐந்து வாடகை வீடுகள். ஐந்திலும் சுவரில் ஆணி அடிக்க அனுமதி கிடையாது. எங்கள் கல்யாணப் போட்டோ இத்தனை வருடமும் தரையில் சாய்ந்தபடிதான் நிற்கிறது. "நமக்குன்னு ஒரு சுவர் வேணுங்க" என்பாள் என் மனைவி வசந்தி. சண்டையாகச் சொன்னால் பதில் சண்டை போடலாம். அவள் சிரித்துக்கொண்டே சொல்வாள். அதுதான் தாங்காது.

அப்போதுதான் அந்த வீடு கண்ணில் பட்டது. நாங்கள் குடியிருக்கும் சான்ட்ரிங்ஹாமிலிருந்து பத்து நிமிடம்.

கறுப்பு மரச் சட்டங்கள், இடையிடையே வெள்ளைச் சுவர். மேல்மாடி கீழ்த்தளத்தைவிட ஒரு முழம் முன்னால் துருத்திக்கொண்டு, போகிற வருகிறவர்களை எட்டிப் பார்க்கிறது. இங்கிலாந்திலிருந்து வந்த யாரோ ஒரு புண்ணியவான், தன் ஊரில் இருந்த மத்திய காலத்து மர வீட்டைப் போலவே, அதே பழைய முறையில் இங்கே கட்டிவிட்டுப் போயிருக்கிறார். இப்போது அது நகர கவுன்சிலின் பாதுகாக்கப்பட்ட கட்டடம். விலை நம் கைக்கு எட்டியதும் அதனால்தான். ஜன்னலை மாற்றக்கூட மனுப் போட வேண்டிய வீடு யாருக்கு வேண்டும்?

வசந்திக்கு வேண்டும். உள்ளே போனதும் ஒரு தூணைத் தொட்டவள், கையை எடுக்கவே இல்லை.

விலை பேசினோம். எல்லாம் சோதித்துப் பார்த்துவிட்டு, செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் வீடு அடுத்தவருக்கு.

சோதிப்பதற்கு சிவநேசன் அண்ணையை அழைத்துப் போனேன். யாழ்ப்பாணத்துக்காரர். இங்கே பில்டர். டார்ச்சை எடுத்துக்கொண்டு மூலை முடுக்கெல்லாம் புகுந்தவர், உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

"தம்பி, இஞ்ச வந்து பாருங்கோ! ஒரு ஆணி இல்லை. எல்லாம் மர முளை."

உண்மைதான். சட்டத்தில் துளை, துளைக்குள் இன்னொரு சட்டத்தின் நாக்கு, இரண்டையும் சேர்த்துப் பிடிக்க ஒரு மர முளை. ஒவ்வொரு பொருத்திலும் உளியால் வெட்டிய கோடுகள் — ஒன்று, இரண்டு, மூன்று என்று. தரையில் படுக்க வைத்தே பொருத்திப் பார்த்து, எண் போட்டு, கழற்றி, அப்புறம்தான் நிமிர்த்தி நிறுத்துவார்களாம். சுவர் எதையும் தாங்குவதில்லை; சும்மா இடைவெளியை அடைக்கிறது. பாரம் முழுக்க மரத்தில்தான். சாய்வாக ஓடும் கட்டைகள் வீடு ஒரு பக்கமாகச் சரிந்துவிடாமல் பிடித்துக்கொள்கின்றன.

எல்லாம் பிரமாதம். அண்ணை அந்தப் பக்கம் திரும்பியதும், நான் மெதுவாக போனில் திசைகாட்டியைத் திறந்தேன்.

வாசல் தெற்கு!

ஆமாம், நானேதான். ஊருக்குத்தானே உபதேசம்? பூமிப்பந்தின் அடிப்பக்கத்துக்கு வந்த பிறகு தெற்கு வடக்காகிவிடுமா, ஆகாதா என்று மளிகைக் கடையில் நம்மவர்கள் பட்டிமன்றம் நடத்துவார்கள். நான் பருப்பு எடுக்கிற சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். தீர்ப்புதான் இன்னும் வந்தபாடில்லை.

"அண்ணை, இந்த வாசலைக் கிழக்குப் பக்கம் மாத்த முடியுமா?"

"ஏன்?"

"இங்க தெற்குக் காத்துதானே பயங்கரக் குளிர்... ஹீட்டர் செலவு..."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அந்தப் பக்கம் சாய்வுக் கட்டை நிக்குது. அதை வெட்டினா வீடு நிக்காது. குளிருக்கு ஆரும் வாசலை மாத்துறேல்லை தம்பி. தடிச்சதா ஒரு திரையைப் போடுங்கோ."

அறிவுள்ளவன் அத்தோடு விட்டிருப்பான். நான் வசந்திக்குத் தெரியாமல் கவுன்சிலுக்கு ஈமெயில் அனுப்பினேன். காரணம்? குளிர்காற்றுதான்!

செவ்வாய்க்கிழமை வந்தது. ஆல்பனியில் ஒரு வேலையை முடித்துவிட்டு இருவரும் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். போன் அடித்தது. ப்ளூடூத் என்கிற படுபாவி அதை நேராக காரின் ஸ்பீக்கருக்கு அனுப்பிவிட்டான்.

கவுன்சிலின் பாரம்பரியக் கட்டடப் பிரிவுப் பெண். ஆங்கிலத்தில், குரலில் சர்க்கரை தடவிப் பேசினார். வாசலை மாற்ற முடியாது, தூணும் கட்டையும் எல்லாம் ஒரே சட்டகம், மன்னிக்கவும் என்றார். அத்தோடு வைத்திருக்கலாம் அல்லவா?

"குளிர்காற்று என்று எழுதியிருக்கிறீர்கள். வாஸ்து என்றால் வாஸ்து என்றே எழுதலாம் சார். எங்களுக்குப் பழகிவிட்டது!"

காரில் நான்கு ஸ்பீக்கர். நான்கிலும் வாஸ்து.

வசந்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஹார்பர் பாலம் வந்தது, போனது. எனக்கு வெட்கமாக இருந்தது. பதினோரு வருடமாக ஒரு சுவர் கேட்டவளிடம், பயத்தைப் பயம் என்று சொல்லக்கூடத் தைரியமில்லாத நான் என்ன பெரிய பத்தி எழுத்தாளன்?

வீட்டுக்கு வந்து பத்திரத்தை மேஜையில் விரித்தேன்.

"தெற்கு வாசல் வசந்தி... ஏதாவது ஆயிடுச்சுன்னா? பயமா இருக்கு."

"சரி. வெளியேருந்து வீட்டுக்குள்ள போகும்போது எந்தப் பக்கம் பார்த்துப் போவோம்?"

யோசித்தேன். "வடக்கு."

"குபேரன் திசை. என் பேரையும் சேர்த்து வாங்கினா தோஷமே இல்லை."

"இதெல்லாம் உனக்கு யார் சொன்னா?"

"ஊர்ல ஜோசியர்கிட்ட போன வாரமே கேட்டாச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீங்கதான் பேப்பர்ல அந்தக் கிழி கிழிக்கிறீங்களே... உங்ககிட்ட எப்படிங்க சொல்றது?"

ஒரு வாரமாக ஒரே வீட்டுக்குள், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், ஒரே பயத்தைப் பொத்தி வைத்திருந்திருக்கிறோம். எழுத்தாளனின் கொள்கைக்கு முதல் பலி அவன் பெண்டாட்டிதான் போலிருக்கிறது. சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும்தான்.

பேனாவைத் திறந்தேன். மணி நாலு பத்து.

செவ்வாய்க்கிழமை... ராகு காலம் நாலரை வரை. என் கை தானாக நின்றது. நிமிர்ந்தால், வசந்தியும் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காபி போடட்டுமாங்க?" என்றாள்.

"போடு. அவசரமே இல்லை!"