கொள்ளுச்செடியின் முன் நின்ற கார்

நானே கண்டதையும் என் காதால் கேட்டதையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன். ஏனெனில் இந்த நிகழ்ச்சி செஞ்சிக் கடைத்தெருவில் வாய் மாறி வாய் மாறி வளர்ந்து, நான் பேருந்து நடத்துநரை அறைந்ததாகவே முடிந்துவிட்டது. அறையவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி. எங்கள் வீட்டில் கார் ஓட்டக் கற்றவள் நான் ஒருத்திதான். கணவரின் அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. வழியில் ஒரு முறை நான் தடுமாறினாலும் சாவி கூலி ஓட்டுநரிடம் போய்விடும் என்று நிபந்தனை விதித்திருந்தார். ஓர் அமாவாசையன்று அவரையே காரில் மேல்மலையனூர்க் கோயிலுக்கு அழைத்துச் சென்றேன்.

சிங்கவரத்துப் பிரிவு தாண்டியதும், சாலையின் முழு அகலத்துக்கும் கொள்ளுச்செடி பரப்பியிருந்தது. அமாவாசையன்று வண்டிகள் மிகுதி. சக்கரங்கள் மிதித்தே காய் உடைந்துவிடும். செடியின் மேல் வண்டியை ஏற்றிச் செல்வது உதவி, தயங்குவது செருக்கு என்பது எங்கள் பக்கத்து வழக்கம். செடி பறக்காதிருக்க ஓரங்களில் கல் வைப்பார்கள். அன்று ஒரு கல்லும் கண்ணில் படவில்லை. செடிக்கு அடியில் மறைந்து கிடக்குமோ என்று நிறுத்தினேன்.

“இன்னாம்மா நின்னுட்ட? ஏத்து!” என்று வேப்பமர நிழலிலிருந்து குரல் கொடுத்தாள் செடிக்குரியவள்.

“கல்லெல்லாம் எங்க வெச்சிருக்க?”

“எங்கியோ இருக்குது. காத்தாலேர்ந்து எத்தினி பஸ்ஸு போச்சி, ஒருத்தனும் கேக்கல. நீ இன்னா கலெக்டரா?”

பின்னால் வந்து நின்ற சிறப்புப் பேருந்து அலறியது. நடத்துநர் படியில் தொங்கியபடி கத்தினார்: “யக்கா, வண்டி ஓட்ட வந்தியா, கோலம் போட எடம் பாக்குறியா?” பேருந்தே சிரித்தது.

பின்னிருக்கையிலிருந்து கணவரின் அண்ணன் கை நீட்டினார். “மானம் போவுது. சாவியக் குடு. பஸ்ஸுல எவனாச்சும் ஓட்டத் தெரிஞ்சவன் இருப்பான்.”

“தரமாட்டேன் மாமா. அடியில இருக்கறது தெரியாம ஏத்தமாட்டேன்.”

சாவியை உருவி முந்தானையில் முடிந்துகொண்டு இறங்கினேன். ஓரத்தில் கிடந்த, செடி புரட்டும் கவைக்கோலை எடுத்து, என் கார் போகும் அகலத்துக்குச் செடியை ஒருபுறமாகத் தள்ளினேன். செடிக்குரியவள் வைதாள், பேருந்து ஓயாமல் அலறியது. நான் அவசரப்படவில்லை. அடியில் வெறும் தார்தான் இருந்தது.

“கல்லும் இல்ல, மண்ணும் இல்ல!” என்றார் நடத்துநர்.

“இல்லன்னு இப்பதான் தெரியுது” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

கோயிலுக்குப் போய் வீடு திரும்பியதும் கணவரின் அண்ணன் மறுபடி கை நீட்டினார். சாவி அதற்குள் மீண்டும் என் முந்தானை முடிச்சுக்குப் போயிருந்தது. நான் அவிழ்க்கவில்லை, இத்தனை ஆண்டுகளாகியும் எங்கள் வீட்டு வண்டிக்குக் கூலி ஓட்டுநர் வரவில்லை. காணாத தரையில் இன்றும் சக்கரம் வைப்பதில்லை. கோழை என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

பேருந்து நான் விலக்கிய வழியில் வந்ததா, செடியின் மேல் ஏறியதா என்பதைப் புழுதி மறைத்துவிட்டது. அவள் கற்களை எங்கே வைத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. நான் விலக்காத பகுதியின் அடியில் ஏதேனும் இருந்ததா என்பதும் தெரியாது.