அண்ணன் உயர்த்தாத ஒற்றைக் கை

இந்த நினைவு மலரின் அட்டைப் படத்தைப் பார்த்த அச்சகத்துக்காரரே கேட்டுவிட்டார்: "இன்னாம்மா, ஜெயிச்ச மனுசன் போலீசைப் பார்த்தாப்போல ரெண்டு கையையும் தூக்கினு நிக்கிறாரு?" உங்களில் பலரும் அதைத்தான் கேட்கப் போகிறீர்கள். அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றி யார் எழுதுவது என்ற பேச்சு வந்தபோது, "வாயாடி அவதானே, அவளே எழுதட்டும்" என்று அண்ணி சொல்லிவிட்டார். ஆகவே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் சாக்கில் அண்ணனின் வாழ்க்கையையும் சொல்லிவிடுகிறேன்.

புதுப்பட்டினத்தை ஒட்டிய கடலோரக் குப்பத்தில் அண்ணன் பிறந்தார். அப்பா கட்டுமரத்தில் கடலுக்குப் போனவர். அம்மா கூடை சுமந்து மீன் விற்றவர். மூத்த பிள்ளை அண்ணன், கடைசிப் பிள்ளை நான்.

வெளியூர் உறவினர்களுக்காக எங்கள் கரையின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கடலில் இனி தன்னால் முடியாது என்று ஆனவன் கத்த மாட்டான். கத்தினால் வாய்க்குள் தண்ணீர் போகும், அலைச் சத்தத்தில் கரைக்கும் கேட்காது. ஒரே ஒரு கையை நேராக மேலே தூக்கி, ஆட்டாமல் வைத்திருப்பான். அதைக் கண்டவர் யாராக இருந்தாலும், பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியாகவே இருந்தாலும், ஒரு வார்த்தை கேட்காமல் கட்டுமரத்தைக் கடலில் தள்ள வேண்டும். சிறுவனாக இருந்தபோது அண்ணன் ஒருமுறை விளையாட்டுக்கு அப்படிக் கை தூக்கினார். குப்பத்து மரங்கள் அத்தனையும் கடலில் இறங்கிவிட்டன. அன்று அவரை அப்பா மட்டும் அடிக்கவில்லை. கரையில் நின்ற பெரியவர்கள் ஆளுக்கொரு அடி போட்டார்கள். அதற்குப் பிறகு அந்தக் கையை அவர் சும்மா உயர்த்தியதே இல்லை.

பள்ளிப்படிப்புக்காக அண்ணன் செங்கல்பட்டு விடுதியில் தங்கினார். கொளவாய் ஏரியில் அவர் நீந்துவதைக் கண்ட உடற்பயிற்சி ஆசிரியர், சென்னையில் நீச்சல் குளம் இருந்த இடத்துக்கு அழைத்துப் போனார். முதல் போட்டியில் அண்ணன் தோற்றார். எல்லோருக்கும் முன்னால் போய்ச் சுவரைத் தொட்டவர், திரும்பி வர வேண்டும் என்பதை மறந்து நின்றுவிட்டார். கடலில் ஏது சுவர்? "அது செத்த தண்ணிம்மா. அலையே இல்ல. மருந்து நாத்தம் வேற" என்று அம்மாவிடம் குறைபட்டுக்கொண்டார். ஆனாலும் விடாமல் பழகி, சில ஆண்டுகளில் மாநிலப் போட்டியில் முதலிடம் பெற்றார். அன்று படம் எடுக்க வந்தவர், தண்ணீரில் நின்றபடி ஒரு கையை உயர்த்தச் சொல்லியிருக்கிறார். அண்ணன் மறுத்து, இரண்டு கைகளையும் தூக்கிவிட்டார். அட்டைப் படத்தின் கதை அவ்வளவுதான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் மாமல்லபுரத்துக்குப் படக் கம்பெனிகள் அடிக்கடி வந்துகொண்டிருந்தன. ஒரு படத்தின் கதாநாயகர் கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்க மறுத்துவிட்டார். யாரோ சொல்லி அண்ணனைக் கூட்டிப்போனார்கள். கதாநாயகரின் சட்டையைப் போட்டுக்கொண்டு அண்ணன் நீந்தினார். பிறகு அதுவே தொழிலாயிற்று. செங்கல்பட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து, "அதோ எங்க அண்ணன் முதுகு!" என்று நான் கத்துவேன். பக்கத்தில் இருப்பவர்கள் அதட்டி உட்கார வைப்பார்கள். அடியாளாக, படகோட்டியாக, வசனம் இல்லாமல் சில படங்களில் முகமும் காட்டினார்.

கடைசியில் ஒரு நல்ல வேடம் வந்தது. கதாநாயகரின் தம்பி. வசனம் உண்டு, சுவரொட்டியில் படம் உண்டு. அண்ணி அப்போது புதுப்பெண். பார்த்தவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். கதையில் அந்தத் தம்பி கடலில் மூழ்கி இறக்க வேண்டும். அந்தக் காட்சியை எங்கள் குப்பத்துக்குப் பக்கத்திலேயே எடுக்க வந்தார்கள். அம்மா, அண்ணி, நான் மூவரும் கேமராவுக்குப் பின்னால் மணலில் உட்கார்ந்திருந்தோம்.

இயக்குநர் அண்ணனிடம், "உடம்பு தெரியக் கூடாது. தண்ணிக்கு மேல ஒரே ஒரு கை. அது அப்படியே மெதுவா உள்ள போகணும். ஜனங்க அழுதுடுவாங்க" என்றார்.

அண்ணன் முகம் மாறியது. "ரெண்டு கையும் அடிச்சிக்கினு முழுகுறேன் சார். எவ்ளோ நேரம்னாலும் உள்ளயே கெடக்குறேன். ஒத்தைக் கை மட்டும் வேணாம்."

"ஏன்யா?"

"அது கூப்புடுற கை சார். அத்தப் பார்த்தா எங்க ஆளுங்க மரத்தைத் தள்ளினு வந்துடுவாங்க."

"ஷூட்டிங்தான்னு போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாயேன்."

"இன்னிக்கு சும்மான்னு சொல்லிட்டா, நாளைக்கு நெசமா தூக்குறவன் கதி இன்னா சார்? நடிக்கிறானா, சாவுறானான்னு கரையில நின்னு யோசிச்சிக்கினு இருப்பாங்களா?"

அந்த இயக்குநரையும் குறை சொல்ல முடியாது. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது, அத்தனை பேர் காத்திருந்தார்கள். செய்ய முடியாது என்றால் வேடம் உனக்கு இல்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். அண்ணி அழுதபடி, "ஒரே ஒரு தபாதானே, தூக்கிட்டு வாயேன்" என்றார். அண்ணன் அண்ணியை ஒருமுறை பார்த்தார். பிறகு நடிப்புக்குப் போட்டிருந்த கோடு போட்ட சட்டையைக் கழற்றி மடித்து இயக்குநரிடம் கொடுத்துவிட்டு, எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

அந்தச் சட்டையைக் கம்பெனியைச் சேர்ந்த இன்னொரு நீச்சல்காரர் போட்டுக்கொண்டு கடலில் இறங்கினார். ஊருக்கெல்லாம் டூப் போட்ட என் அண்ணனுக்கே ஒரு டூப்! வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

கை எழுந்தது. கேமரா ஓடியது. அதற்குள் குப்பத்துப் பக்கமிருந்து ஒரு கூச்சல். அடுத்து மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அலையை முட்டிக்கொண்டு கேமராவின் முன்னாலேயே வந்துவிட்டன. எல்லோருக்கும் முன்னால் வந்தவர் எங்கள் சித்தப்பா. நிலத் தகராறில் எங்கள் வீட்டோடு பேசாதிருந்தவர். அந்த நீச்சல்காரரின் முடியைப் பிடித்து மரத்தில் ஏற்றிப்போட்டு, காலையில் அண்ணன் மேல் கண்ட அதே சட்டையைப் பார்த்துவிட்டு, "இது எங்க புள்ள சொக்காடா! அவன் எங்கடா?" என்று அலறினார். பிறகுதான் கரையில் எங்களோடு இருந்த அண்ணனைக் கண்டார். அப்படியே மரத்தில் உட்கார்ந்து அழுதார்.

இயக்குநர் அண்ணனிடம் பாய்ந்து வந்தார். "நீதான்யா இவங்ககிட்ட சொல்லி வச்சிருக்க!"

"சொல்லி வைக்கல சார். நான் சொல்லவே இல்ல. அதான் வந்தாங்க" என்றார் அண்ணன்.

வேடம் வேறொருவருக்குப் போயிற்று. சுவரொட்டியில் வேறு முகம் வந்தது. அண்ணனுக்கு வருத்தமே இல்லை என்று நான் எழுதினால் அது பொய். அந்தப் படம் செங்கல்பட்டுக்கு வந்தபோது தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அப்புறம் அவராகவே தேறினார். புதுப்பட்டினம் சந்தைக்கு அருகில் சைக்கிள் கடை வைத்தார். கல்பாக்கம் அணுமின் நிலைய ஊழியர்களின் பிள்ளைகளுக்கும் எங்கள் குப்பத்துப் பிள்ளைகளுக்கும் நீச்சல் கற்றுக்கொடுத்தார். கையை எப்போது தூக்க வேண்டும், எப்போது தூக்கவே கூடாது என்பதுதான் அவருடைய முதல் பாடம். சித்தப்பா மறுபடி எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட ஆரம்பித்ததும் அந்த நாளுக்குப் பிறகுதான்.

நாற்பது வயதைத் தொடுவதற்குள் அண்ணனைப் பக்கவாதம் தாக்கியது. வலப்பக்கம் செயலிழந்தது, பேச்சும் போயிற்று. அத்தனை நீந்திய உடம்பைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்படிப் பார்க்க என்னால் முடியவில்லை. கருங்குழியில் என் வீட்டிலிருந்து தினமும் பஸ் ஏறி வருவேன். வாசலில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே போவேன்.

கடைசி நாள் காலையில் அண்ணன் கண் விழித்தார். இடக்கையை மெல்ல மேலே கொண்டுபோனார். நேராக நிறுத்தினார், ஆட்டவில்லை. தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்து நர்ஸம்மா டம்ளரை எடுத்தார். அண்ணி அதைத் தடுத்துவிட்டு, வாசலுக்கு ஓடி, "கை தூக்கிட்டாருடா!" என்று கத்தினார். முதல் பஸ்ஸில் வந்து வெளியே நின்றிருந்த குப்பத்து ஆட்கள் அத்தனை பேரும் உள்ளே ஓடி வந்தார்கள். யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. சித்தப்பா அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, "வந்துட்டோம் நைனா. எல்லாரும் வந்துட்டோம்" என்றார். அண்ணன் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அதன் பிறகுதான் கையைத் தளர்த்தினார்.

மருத்துவம் பார்த்தவர்களுக்கும், சோறு கொண்டுவந்தவர்களுக்கும், அண்ணனைத் தோளில் சுமந்தவர்களுக்கும், இன்று இங்கே கூடியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நீங்கள் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை, வந்து நின்றீர்கள். நாளை உங்கள் வீட்டில் ஒரு கை உயர்ந்தால் நாங்களும் கேட்காமல் வருவோம். அண்ணன் அதைக் கெடாமல் காப்பாற்றி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.

கண்ணீருடன்,
தங்கை