மலேரியாப் பெட்டிக்குப் பூசிய திருநீறு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தயங்கினேன். எழுதினால் தங்கச்சியின் மனம் இன்னும் நோகுமே என்றுதான். ஆனால் ஊரில் ஆளுக்கொரு விதமாகப் பேசுகிறார்கள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். முருகன் சாட்சி.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றவன். கண்டிப் பக்கம் ஓர் ஆய்வுகூடத்தில் குப்பி கழுவும் வேலை. அங்கே மலேரியாக் கிருமியின் மேல்தோலில் இருக்கும் புரதத்தை வைத்துப் பரிசோதனை செய்வார்கள். அதைக் கிருமியிலிருந்து எடுப்பதில்லை. வேறொரு பக்டீரியாவை அந்தப் புரதத்தை உண்டாக்க வைத்து, பிரித்தெடுத்து, வெளிநாட்டிலிருந்து ஐஸில் அனுப்புவார்கள். ஒருவருக்கு முன்பு மலேரியா வந்ததா என்று அவர் இரத்தத்தில் பார்க்க அது உதவும்.

"பாம்பு உரிச்ச சட்டை மாதிரி. சட்டை கொத்தாது" என்று ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பான எங்கள் மிஸ் எனக்கு விளக்கினார்.

ஒரு தடவை வந்த பெட்டி வழியில் ஐஸ் கரைந்து பாழாகி, மிஸ் அழுததைப் பார்த்தேன். அடுத்த பெட்டியைக் கொழும்பிலிருந்து கொண்டுவரும்போது, பிலிமத்தலாவையில் பிள்ளையார் கோயிலடியில் வேனை நிறுத்தச் சொன்னேன். நல்லபடியாகப் போய்ச் சேரட்டும் என்று பெட்டியை வாசலில் வைத்தேன். மீன்காரர் ஐஸ் போட்டு வைக்கிற மாதிரி வெள்ளை நுரைப் பெட்டி அது.

தங்கச்சி வீடு பக்கத்தில்தான். அவளும் மகனும் கும்பிட வந்திருந்தார்கள். தகப்பன் இல்லாத பிள்ளை. ஆப்பிரிக்காவில் ரோட்டு வேலை பார்த்துவிட்டு அந்த வாரந்தான் திரும்பியிருந்தான்.

"என்னண்ணே, ரெஜிபோம் பெட்டி? கோயிலுக்கு மீனா கொண்டாந்தீங்க?" என்றாள் தங்கச்சி.

"மீனில்லக்கா, மலேரியா! கிட்ட போனா கடிச்சிரும்" என்றான் டிரைவர்.

எல்லோரும் சிரித்தோம். நான் பெட்டியின் மூடியில் திருநீறு பூசினேன். மருமகனும் குனிந்தான். "நமக்கும் பூசுங்க மாமா. பெட்டிக்கு மட்டுந்தானா?" அதே விரலால் அவன் நெற்றியிலும் பூசினேன்.

சில நாளில் அவனுக்குக் காய்ச்சல். டெங்கு என்றே எல்லோரும் நினைத்தோம். எங்கிருந்து வந்தான் என்று ஆஸ்பத்திரியில் யாரும் கேட்கவில்லை. எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை. இந்த நாட்டில்தான் மலேரியா இல்லையே. கடைசியில் இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி நுண்ணோக்கியில் பார்த்து மலேரியா என்றபோது, அது மூளைக்கு ஏறிவிட்டது. பிள்ளை போய்விட்டான்.

தாய்மாமன் கோடி போட வேண்டுமே. புதுவேட்டியோடு போனேன். தங்கச்சி வாசலிலேயே மறித்தாள்.

"அந்தப் பெட்டியத் தொட்ட கையாலதானே பூசினீங்க? அந்தக் கை கொண்டாந்த துணி எம்புள்ள மேல படக் கூடாது."

"அது கிருமி இல்லம்மா..."

"கிருமி இல்லாட்டி அதுக்கு ஏன் அந்தப் பேரு?"

சாதிசனம் மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது. கோடி போடாமல் திரும்பினேன்.

பிறகு மிஸ்ஸே வந்து சொல்லிப் பார்த்தார். ஆப்பிரிக்காவில் கடித்த கொசுதான், அண்ணன் கை இல்லை என்று. தங்கச்சி அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தாள். ஆனால் இன்று வரை என் வீட்டுப் படி ஏறவில்லை. எனக்குத் தெரியும், அதில் உயிர் இல்லை. இருந்தும் அதற்குப் பிறகு நான் யார் நெற்றியிலும் திருநீறு பூசியதில்லை.

இப்போது கதை வளர்ந்துவிட்டது. நான் பெட்டியைத் திறந்தேனாம், உள்ளேயிருந்து கொசு பறந்ததாம்.

வாசிக்கிற உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். யாரிடமாவது சொன்னால் இப்படியே சொல்லுங்கள். எனக்காக இரக்கப்பட்டு ஒரு சொல்லும் கூட்ட வேண்டாம். அவள்மீது கோபப்பட்டு ஒரு சொல்லும் குறைக்க வேண்டாம். வாய் மாறி வாய் மாறி என்றாவது அது தங்கச்சி காதுக்குப் போகும். போகும்போது நடந்தது மட்டும் போகட்டும்.