கதவுக்கு வராத தாள்

டிராக்டர் தொழிற்சாலையில் தெக்லா முப்பத்தொரு வருஷம் போல்ட் சோதித்தாள். தேறாத போல்ட்டுக்குச் சிவப்புப் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. அவள் முறைத்த முறைப்பில் ஒரு போல்ட் தானாகவே உருண்டு உலைக்குத் திரும்பிப் போயிற்று என்று மின்ஸ்க் நகரத்தில் இன்றைக்கும் சத்தியம் செய்கிறவர்கள் உண்டு. அந்த முறைப்பை ஒருமுறை வாங்கியவர்கள் அதை மறுப்பதில்லை.

ஓய்வு பெற்றபின் சோதிக்க எதுவும் கிடைக்காமல் கை அரித்துக்கொண்டிருந்த ஆகஸ்டில் தேர்தல் வந்தது. இருபத்தாறு வருஷமாக ஜனாதிபதி நாற்காலியை விடாதவருக்கு எதிராக ஓட்டுப் போடுகிறவர்கள் சீட்டை விசிறிபோல் மடித்துப் போடுவதென்று பேசிவைத்திருந்தார்கள். உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பெட்டி. மடிப்பு கண்ணில் படுமல்லவா? பார்வையாளர்களைச் சாவடி இருந்த பள்ளிக்கூடத்துக்குள் விடவில்லை. தெக்லா விசிறி மடித்துப் போட்டுவிட்டு வந்து எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டு வித்தோல்ட்டின் பைனாகுலரை வாங்கி, ஜன்னல் வழியாகச் சாயங்காலம் வரை பெட்டியையே பார்த்தாள். பெட்டி விசிறிக் கடைபோல் இருந்தது.

மறுநாள் தொலைக்காட்சியில் பழையவருக்கே நூற்றுக்கு எண்பது.

ஒவ்வொரு சாவடியும் தன் ஓட்டு எண்ணிக்கைத் தாளை வாசல் கதவில் ஒட்ட வேண்டும், அதுதான் சட்டம். அந்தக் கதவு மொட்டையாக இருந்தது. தெக்லாவுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு தாள். சாவடிக்குப் பொறுப்பு அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை. அவளிடம் போய் நின்றாள்.

"ஒட்டத்தான் இருந்தோம், தெக்லா ஸ்தெபனவ்னா. பசை தீந்துபோச்சு."

அடுத்த நாள் தெக்லா ஒரு டப்பாவைத் தலைமையாசிரியை அறை ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

"பசை கொண்டாந்திருக்கேன், லித்யா அந்தோனவ்னா."

"வச்சுட்டுப் போங்க. தாள் மேல போயிருக்கு."

"மேலன்னா? மூணாவது மாடிக்கா?"

"என் வேலைய வாங்காம விடமாட்டீங்களா நீங்க?"

"உங்க வேலை எனக்கெதுக்கு? கணக்க மட்டும் சொல்லுங்க, போயிட்டே இருக்கேன்."

ஜன்னல் சாத்திக்கொண்டது. அதற்கடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் அது திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊரே தெருவில் இறங்கியது. சிவப்பு விளக்கு எரிந்தால், ஒரு வண்டிகூட வராத சாலையில், அத்தனை ஆயிரம் பேரும் நின்று பச்சைக்குக் காத்திருந்தார்கள். தெக்லாவின் அட்டையில் ஒரே வரி: 'எங்கள் பள்ளியின் கணக்கு எங்கே?' ஊர்வலம் பள்ளியைத் தாண்டும்போது மாடியில் திரைச்சீலை அசைந்தது. தலைமையாசிரியை கண்ணில் பட வேண்டுமே என்று தெக்லா பெஞ்சில் ஏறினாள். ஏறுமுன் ஷூக்களைக் கழற்றி அடியில் ஜோடியாக வைத்தாள். ஆட்சியே கவிழ்ந்தாலும் இந்த ஊரில் ஷூவோடு யாரும் பெஞ்சில் ஏறமாட்டார்கள்.

வேன் வந்தது அப்போதுதான். முகமூடி போட்ட போலீஸ்காரர்கள் குதித்தார்கள். கூட்டம் சிதறியது. வித்தோல்ட் தன் மாடிப்படிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தான்.

"ஓடியா தெக்லா."

"ஷூ மாட்டிக்கிறேன், இரு."

"அது கெடக்குது, விட்டுட்டு வா."

"நல்லாருக்கு நீ சொல்றது. தெருவுல ஷூவப் போட்டுட்டுப் போனா எவன் பொறுக்குறது?"

வலதுகால் ஆயிற்று. இடதுகால் கயிற்றில் முடிச்சு விழுந்துவிட்டது. ஒரு முகமூடி வந்து தலைக்குமேல் நின்றது.

"கட்டியாச்சா அத்தை?"

"அவசரப்படுத்தாதடா. சிக்கிக்கிச்சு."

அவன் நின்றான். கட்டி முடித்ததும் அவளைத் தூக்கி வேனில் போட்டான்.

நீதிமன்றத்தில் சாட்சி சொன்ன போலீஸ்காரனும் முகமூடியோடு வீடியோத் திரையில் வந்தான். பொதுப் பெஞ்சில் ஷூவோடு ஏறி நின்று கோஷம் போட்டதாக அவன் வாசித்ததும் தெக்லா எழுந்துவிட்டாள்.

"கத்தினேன்னு எழுதிக்கோங்க. கத்தல, போனாப் போகுது. ஷூவோட ஏறினேன்னு எழுதினா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"பதினஞ்சு நாள்," என்றாள் நீதிபதி.

"அதுக்குள்ளயாவது அந்தத் தாள ஒட்டுவாங்களா?"

நீதிபதி அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டாள்.

பதினாறாம் நாள் தெக்லா வீட்டுக்குப் போகவில்லை. நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனாள். சிறையில் பிடுங்கிய ஷூக் கயிறு திரும்ப வரவில்லை. ஷூ தப்தப்பென்று அடித்துக்கொண்டது. தூரத்திலிருந்தே தெரிந்தது. கதவில் ஒரு தாள்.

கிட்டத்தட்ட ஓடினாள். அவள் கொடுத்த பசைதான், நாலு மூலையிலும் மஞ்சளாகப் பிதுங்கியிருந்தது. கீழே முத்திரை, தலைமையாசிரியையின் கையெழுத்து. மேலே: 'பெஞ்சின் மேல் ஏறுவது தடை செய்யப்பட்டுள்ளது.'

இரண்டு முறை வாசித்தாள். பின்பக்கம் ஏதாவது இருக்குமோ என்று மூலையைத் தூக்கிக்கூடப் பார்த்தாள். பிறகு கைப்பையைத் துழாவி, சிவப்புப் பென்சிலை எடுத்து, தாளின் நடுவில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் அதன்மேல் புதுத் தாள். தெக்லா அதற்கும் குறி போட்டாள். அதற்கு மறுநாளும் அப்படியே. பனிக்காலம் வருவதற்குள் கதவு ஒரு சாண் கனத்து, சாத்த முடியாமல், பிள்ளைகள் மேல்கோட்டோடு உட்கார்ந்து படிக்கிறார்கள் என்று ஊரில் பேச்சு. அத்தனை அடுக்கிலும் எண்ணிக்கைத் தாள் மட்டும் இல்லை.